ஐயா இல்லாத ஸ்டோர்

வெள்ளவத்தை
6.4.2003

மதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்புக்கும் உரிய, தேயிலை ஸ்டோரையே கட்டி ஆளும் டீமேக்கர் ஐயாவுக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று மட்டும் 'அடுத்து' என்ற பட்டனை நானூறு தடவைக்கு மேல் அழுத்தியிருக்கிறேன். அதன் பிறகும் ஒரு மனுஷி சுகமாக இருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்டோர் ஒஃபிஸ் போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் "என்னங்க" என்று தொடங்கியதுமே பெரிய கிளாக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் ஸுஹைர் நானாவின் லொறி ஓடும்வரை நமக்குக் கடிதமே போதும்.

இரண்டு மாதமாக அங்கே அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், கொழுந்தைத் தூளாக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததாகச் சான்றிதழ் கேட்கின்றன. அந்தப் பயிற்சியை ஒரு சீடியில் போட்டு எல்லாத் தேயிலை ஸ்டோர்களுக்கும் கொடுப்பது எங்கள் கம்பெனியின் பொறுப்பு. எண்பத்தாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு விதி, மூலையில் ஓர் 'அடுத்து'. முப்பத்திரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சுழலும் யந்திரப் பாகங்களின் அண்மையில் அவயவங்களைக் கொண்டு செல்லுதல் ஆகாது.' உங்கள் ஸ்டோர் மீனம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினால் கலியாணப் பத்திரிகை என்று நினைத்து, யாருக்குக் கலியாணம் என்று கேட்பாள். நான் செய்த பாடத்தை நானே சோதிக்கும்போது இரண்டு தடவை தூங்கிவிட்டேன்.

இதை ஒரு விளையாட்டாகச் செய்யலாமே என்று முதலாளி துரைராசா சேரிடம் சொன்னேன். திரைக்குள் ஒரு ஸ்டோர். அதில் ஒரு வேலைக்காரப் பெண்ணை நாம் நடத்திக்கொண்டு போக வேண்டும். வழுக்கும் தரை, கழன்ற பெல்ட், எல்லாம் வரும். தவறினால் அடிபடும். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர், ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விளையாட்டுக்கு ஆர் பிள்ளை சேட்டிபிக்கற் குடுப்பினம்?" என்றார்.

மீனம்மாவின் கை எப்படி இருக்கிறது? நான் புறப்பட்ட வாரம்தான் அந்த அரைக்கிற மெசினில் அவளுக்கு இரண்டு விரல் போனது. பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள், திருடி அகப்பட்டவள் மாதிரி. அதை என்னால் மறக்க முடியவில்லை. யாராக இருந்தாலும் அந்த மெசின் பக்கத்தில் போய் நிற்பதற்கு முன்னால் என் விளையாட்டில் ஒரு தடவை விரலை இழந்துவிட்டுப் போகட்டும். இனி ஒரு கை போகக்கூடாது. இதற்காகத்தான் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

உங்கள் ஸ்டோரின் சத்தங்களை ஒரு கசற்றில் பிடித்து அனுப்புவீர்களா? படமும் ஒன்று கீறி அனுப்புங்கள், எது எங்கே இருக்கிறது என்று.

உங்கள் குமாரி


மஸ்கெலியா
17.4.2003

அன்புள்ள குமாரி,

கடிதம் கிடைத்தது. வருடப் பிறப்புக்கு நீ வராததால் பலகாரம் எல்லாம் பக்கத்து வீடுகளிலிருந்துதான். தட்டு தட்டாக வருகிறது. எல்லோருக்கும் என்மேல் அப்படி ஓர் இரக்கம். நான் மெலியவில்லை, கவலைப்படாதே.

விளையாட்டு என்கிறாய். ஸ்டோருக்குள் விளையாடக்கூடாது என்று ஐந்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவனிடம் வந்து இதைச் சொல்ல உனக்குத்தான் துணிச்சல் வரும்.

எங்கள் பயிற்சி எப்படி என்று தெரியாதா உனக்கு? மாதம் ஒருமுறை பாதுகாப்பு விதிப் புத்தகத்தை நான் வாசிப்பேன். அதற்கு முன்பே எல்லோரும் வரவு இடாப்பில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைத்துவிடுவார்கள். போன மாதம் மேசையில் புத்தகம் மாறிப்போய், மழை அளவு எழுதும் கொப்பியை எடுத்து வாசித்துவிட்டேன். மார்ச் ஒன்பதாம் திகதி இத்தனை மில்லிமீற்றர், பத்தாம் திகதி இத்தனை என்று நாலு வரி போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மீனம்மாவுக்குக் காயம் ஆறிவிட்டது. மெசின் வேலை வேண்டாம் என்று கூட்டுகிற வேலை கொடுத்திருக்கிறோம். பாவம்தான், ஆனால் அவளுடைய கவனக்குறைவு. விபத்துப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதினேன். அதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

கசற் ஸுஹைரிடம். ஒரு பக்கம் முழுக்க மெசின். மறுபக்கம் மழை பெய்துவிட்டது, அதையும் வைத்துக்கொள்.

சிவசாமி


வெள்ளவத்தை
4.5.2003

என் மழைக் கொப்பிக்கு,

நீங்கள் எழுதியதை ஒஃபிஸில் வாசித்துக் காட்டினேன். துரைராசா சேர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப நாங்கள் செய்யுறதும் மழைக் கணக்குத்தான்" என்றார். உங்கள் தயவில் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

என் விளையாட்டை ஒரு ஸ்டோரில் வைத்துப் பார்ப்பது. அது உங்கள் ஸ்டோர். சரிவந்தால் எல்லாத் தோட்டத்துக்கும் அதுதான். சரிவராவிட்டால் எண்பத்தாறு பக்கம் திரும்பி வரும். ஆண்டு முடிவுவரை என்று சொல்லிச் சேர்ந்த எனக்கும் ஜூன் மாதத்தோடு இங்கே வேலை இருக்காது. வீட்டுக்கு வந்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அதற்காக வேண்டுமென்று கெடுத்துவிடாதீர்கள்.

கசற்றில் மெசின் சத்தம் முடியும் இடத்தில், "வீரய்யா, அந்தப் பக்கம் தள்ளுங்க!" என்று உங்கள் குரல் வருகிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அறையில் கூட இருக்கும் பிள்ளை, வீரய்யா யார் அக்கா என்று கேட்டாள். அவர் முக்கியமில்லை, தள்ளச் சொல்கிறவர்தான் முக்கியம் என்றேன்.

கம்பியூட்டர் அடுத்த லொறியில் வருகிறது. ஸுஹைர் நானா பெட்டியைத் தட்டிப் பார்த்து, "தங்கச்சி, இதுக்குள்ள முட்டையா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் படுக்கை விரிப்பால் அதைச் சுற்றி வைத்திருக்கிறார். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டுங்கள். வேறு உதவி செய்யவே கூடாது. யார் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று பார்த்து எழுதுங்கள். கம்பியூட்டரில் இருக்கும் ஃப்ளொப்பியையும் கழற்றி அனுப்புங்கள். உங்களால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா என்பதுதான் என் ஒரே பயம்.

குமாரி


மஸ்கெலியா
22.5.2003

அன்புள்ள குமாரி,

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம். பெரிய கிளாக்கர் சாட்சி. அவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

தூள் சலிக்கும் அறையில் மேசை போட்டு வைத்தோம். முதலில் யாரும் கிட்டப் போகவில்லை. அப்புறம் மீனம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று விரலால் மவுஸைப் பிடித்து உன் பொம்மையை நடக்க வைத்தாள். பொம்மை தலைக்குத் துணி கட்டாமல் உள்ளே போகப் பார்த்ததும், "அடியே, முடிய கட்டிக்கிட்டுப் போடி!" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் கத்தினார்கள். அதன் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. ஒருவர் விளையாட முப்பது பேர் புத்தி சொல்கிறார்கள். எண்ணெய் கொட்டிய தரை, தீயணைக்கிற வாளி எல்லாவற்றிலும் நல்ல புள்ளி. நான் ஐந்து வருடம் வாசித்தது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. உன் பொம்மை வழுக்கி விழுந்ததை மட்டும் லயத்து வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் கடைசி இடம் சரியில்லை. பொம்மையின் கை மெசினில் மாட்டுகிறது, பக்கத்தில் சிவப்புச் சுவிட்ச் பளிச்சென்று தெரிகிறது. அதை அழுத்தினால் வெற்றி. முப்பத்தொரு பேர் விளையாடினார்கள். முப்பத்தொரு பேரும் தோற்றார்கள். சுவிட்சைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அழுத்துகிறார்கள். மெசின் ஓட்டும் வீரய்யா வேர்த்துப்போய், "இந்தப் பொட்டிக்குள்ள ஐயா எங்கங்க இருக்காரு?" என்று என்னிடமே கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

படம் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். சுவிட்சை இன்னும் பெரிதாகக் கீறு. நீ சொன்ன ஃப்ளொப்பியைக் கழற்றி இதோடு வைத்திருக்கிறேன்.

கம்பியூட்டரைத் திறந்ததும் திரையில் உன் பெயர்தான் முதலில் வருகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன்.

சிவசாமி


வெள்ளவத்தை
29.5.2003

அன்புள்ள உங்களுக்கு,

சுவிட்சைப் பெரிதாக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் படம் நன்றாக விளங்கியிருக்கிறது.

யார் எந்த இடத்தில் அழுத்தினார்கள் என்பதைக் கம்பியூட்டர் அந்த ஃப்ளொப்பியில் எழுதிவைக்கும். முப்பத்தொரு பேருடையதையும் நான் பார்த்தேன். முதலில் படிக்கட்டு. பிறகு மாடியில் இருக்கும் கதவு. நீங்கள் கீறி அனுப்பிய படத்தின்படி நான் வைத்த கதவு அது. உங்கள் அறைக் கதவு. மெசினில் கை மாட்டியதும் முப்பத்தொரு பேரும் உங்களைக் கூப்பிடத்தான் ஓடியிருக்கிறார்கள். என் ஸ்டோரில் எல்லாம் இருந்தது, ஐயா மட்டும் இல்லை. வீரய்யா கேட்டது சிரிக்கிற பகிடி இல்லைங்க.

இதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். ஜனவரியில் மீனம்மாவின் கை மாட்டியபோது மெசினை நிறுத்தியது யார்? நீங்கள் வந்து சேர எவ்வளவு நேரம் போனது?

புதிய சீடி ஒன்றும் இந்த லொறியிலேயே வருகிறது. இப்போது கதவை அழுத்தினால் ஐயா வருவார். சட்டைப் பையில் மூன்று பேனாவோடு, உங்கள் நடையில், ஒவ்வொரு படியாக. அவர் வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

குமாரி


மஸ்கெலியா
8.6.2003

இராஜகுமாரிக்கு,

போட்டுப் பார்த்தார்கள். பேனாவை எண்ணினார்கள். நான் படியில் இறங்குவதைப் பார்த்து ஸ்டோரே கைதட்டிச் சிரித்தது. "ஐயா வர்றாரு, வெரலு போச்சு" என்று இப்போது பிள்ளைகள்கூட லயத்தில் பாடுகிறார்களாம்.

லயத்தில் பிறந்து, கொழுந்துச் சாக்குத் தூக்கி, இந்த மேசைக்கு வர எனக்கு இருபது வருடம் பிடித்தது. அதை நீ மூன்று பேனாவாக்கி ஒரு பெட்டிக்குள் நடக்க விட்டிருக்கிறாய். கொழும்பிலிருந்து பார்த்தால் ஸ்டோர் அப்படித்தான் தெரியும் போல.

உங்களுக்கு வேண்டியது பயிற்சி முடிந்தது என்று ஒரு கடிதம்தானே? எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். உன் வேலையும் நிலைக்கும். இனிச் சீடி அனுப்ப வேண்டாம்.

சிவசாமி


வெள்ளவத்தை
14.6.2003

என்னங்க,

இராஜகுமாரி என்று முழுப் பெயரையும் நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை, கலியாணப் பதிவைத் தவிர. கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சிரிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லாமல் உங்களை அதில் போட்டது பிழை. யாராவது என்னை அப்படிச் செய்திருந்தால் நான் பெட்டியையே உடைத்திருப்பேன்.

ஆனால் அந்த நடையை நான் கேலிக்காகப் போடவில்லை. எனக்கு வேறு நடை தெரியாது. நாலு வருடமாக அந்தப் படியில் நீங்கள் இறங்கி வருவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று படம் போடச் சொன்னால் என் கை அதைத்தான் போடும்.

கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் சேருக்கு மகிழ்ச்சி, என் வேலையும் நிலைக்கும், உண்மைதான். ஆனால் அப்புறம் அந்த மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் அப்படியேதான் நிற்பார்கள், இன்னொரு கை மாட்டும், திரும்பவும் யாரோ படியேறி ஓடுவார்கள். அதற்குப் பதில் நான் ஊருக்கே வந்து உங்களுக்குச் சோறு சமைக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

குமாரி


மஸ்கெலியா
2.7.2003

அன்புள்ள குமாரி,

என் அறையிலிருந்து மெசின்வரை நாற்பத்து மூன்று காலடி. அதில் பதினெட்டுப் படி. நேற்று நானே நடந்து எண்ணினேன். போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

அன்று காலை நான் மேலே தேயிலை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். வீரய்யா ஓடி வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார், குமாரி. கழற்றிவிட்டு உள்ளே வந்து, "ஐயா, மீனம்மா கை மாட்டிக்கிருச்சுங்க, நிப்பாட்டவாங்க?" என்று கேட்டார். நான் கீழே ஓடி என் கையால் நிறுத்தினேன். வீரய்யா முன்னர் நின்ற இடத்துக்கும் சுவிட்சுக்கும் ஒரு முழம்கூட இல்லை. மாட்டியது ஒரு விரல்தான். நான் வந்து சேர்வதற்குள் இரண்டாவதும் போய்விட்டது.

ஏன் அவர் அழுத்தவில்லை என்று உனக்குச் சொல்கிறேன். தொண்ணூற்றெட்டில் மெசினுக்குள் இரும்புச் சத்தம் கேட்டது என்று அவர் தானாக நிறுத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. நின்ற நேரத்தில் கொழுந்து சூடேறி, அன்றைய தூள் முழுக்கப் புளித்துப் போனது. நான் டீமேக்கராகி ஆறு மாதம். தோட்டத்தை நடத்தும் துரை என்னை ஏசினார். நான் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்து அவரை ஏசினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "என் வாய் சொல்லாம எவன் கையும் சுவிச்சில படக்கூடாது" என்றேன். துரையைவிடச் சத்தமாகக் கத்தினால்தான் லயத்துப் பையனை மதிப்பார்கள் என்று நினைத்தேன். மதித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அனுமதி கேட்கும் அளவுக்கு மதித்தார்கள்.

கொழுந்தைத் தள்ளிவிடும் கட்டை உடைந்து இரண்டு வருடம். எல்லோரும் கையால்தான் தள்ளினார்கள். அதெல்லாம் தெரிந்தும் மீனம்மாவின் கவனக்குறைவு என்று எழுதினேன்.

நேற்று அதைக் கோடு போட்டு அடித்தேன். 'அனுமதி இல்லாமல் யந்திரத்தை நிறுத்தக்கூடாது என்ற டீமேக்கரின் உத்தரவால் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, இன்று காலைப் பெரட்டில் வாசித்தேன். மீனம்மா, "அப்ப நான் கவனமாத்தான் இருந்தேனுங்களா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அவள் கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். வீரய்யாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. துரைக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். என்ன வரும் என்று தெரியாது. புதுக் கட்டைக்கும் எழுதிவிட்டேன்.

இனி யாரையும் கேட்காமல் நிறுத்துங்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மழைக் கணக்குக்கும் இப்படித்தான் ஆட்டினார்கள். ஐந்து வருடம் பயந்த கை ஒரு காலையில் துணியாது.

ஆகவே என்னைத் திரும்பவும் உன் பெட்டிக்குள் போடு. பேனா இருக்கட்டும், நடையும் இருக்கட்டும். ஆனால் இந்தத் தடவை நான் ஏச வேண்டும். அவர்கள் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகும்போது மேலேயிருந்து நான் கத்த வேண்டும். அதையும் மீறி அழுத்தினால்தான் வெற்றி. இதோ கசற். கதவைச் சாத்திக்கொண்டு என்னால் முடிந்த அளவு ஏசியிருக்கிறேன். பெரிய கிளாக்கர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

நீ பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டாலும் பெருக்கிக் கூப்பிட்டாலும் நான் உன்

சிவசாமி


வெள்ளவத்தை
20.7.2003

என் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒஃபிஸ் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? நாலு வருடத்தில் இவ்வளவு பெருமையாக நான் உங்கள் மனைவியாக இருந்ததில்லை.

பிறகு கசற்றைப் போட்டோம். துரைராசா சேர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "உம்மட மனுசன் நல்லா ஏசுறார்" என்று சொல்லிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். விளையாட்டில் சேர்த்து ஆடியபோது எனக்கே முதல் தடவை மவுஸில் கை நின்றுவிட்டது. ஏசுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும், அது வெறும் கசற் என்றும் தெரியும், அப்படியும் நின்றது. அவர்களை நினைத்துப் பார்த்தேன்.

சேர் ஆண்டு முடியும்வரை என்னை வைத்திருக்கச் சம்மதித்துவிட்டார். எண்பத்தாறு பக்கத்தை அலுமாரியில் பூட்டிவிட்டார்.

புதிய சீடி லொறியில். எத்தனை பேர் வென்றார்கள் என்று எழுதுங்கள்.

குமாரி


மஸ்கெலியா
19.8.2003

அன்புள்ள குமாரி,

முதல் நாள் நாலு பேர். ஒரு வாரத்தில் பதினெட்டு. ஆனால் வீரய்யாவால் வெல்லவே முடியவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காருவார். என் குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பதாவது நாள், "கத்துங்க, கத்துங்க" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். பொம்மைக்கு விரல் தப்பியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரையிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோப்பில் இருக்கிறது. இருக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்தது. போன வியாழன் காலை ஒன்பதரை மணி. நான் மேலே ருசி பார்க்கிறேன், திடீரென்று கீழே சத்தம் நின்றது. டீமேக்கருக்கு அந்த மெசின் சத்தம் நின்றால் நெஞ்சே நின்ற மாதிரி. நான் எழும்புவதற்குள் வீரய்யா வந்துவிட்டார். செருப்போடு வந்தார். மூச்சு வாங்க, "ஐயா, நிப்பாட்டிட்டேங்க" என்றார்.

கீழே போனேன். சோலைமலையின் மகள் மதுரா, வேலைக்கு வந்து பதினொரு நாள். இடுப்பில் கட்டிய சாக்கின் கயிறு உள்ளே போய், அவளையும் இழுத்திருக்கிறது. கை மெசினின் வாய்வரை போய்விட்டது. வளையல் இரண்டு நசுங்கிக் கிடந்தது. விரல் பத்தும் இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். அவள் பயந்து, "ஐயா, தூளு கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள்.

கெட்டுப்போனது. கயிற்றை வெட்டி எடுத்து மெசினைத் திரும்ப ஓடவிட நாற்பது நிமிடம். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வீரய்யாவும். பழக்க தோஷம், எனக்கு வாய் திறந்துகூட விட்டது. அப்புறம், "வீரய்யா அண்ணே, நல்ல வேல செஞ்சீங்க" என்றேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் எந்த இடத்தில் நிறுத்தி ஏசினேனோ, அதே இடத்தில் அடுத்த நாள் பெரட்டில் திரும்பவும் சொன்னேன், இன்னும் சத்தமாக.

அன்றைய தூளில் ஒரு பொட்டலம் இதோடு வருகிறது. நான் டீமேக்கரான பிறகு என் ஸ்டோரிலிருந்து வெளியே போன மிக மோசமான தேயிலை இதுதான். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். நீ குடித்துப் பார்.

உன் சிவசாமி


வெள்ளவத்தை
26.8.2003

என்னங்க,

பொட்டலம் வந்தது. ஸுஹைர் நானா மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு உங்க மேல ஏதும் கோவமா தங்கச்சி?" என்று கேட்டார்.

வாயில் வைக்க முடியவில்லை. சீனியைக் கூட்டிப் பார்த்தேன், இஞ்சி தட்டிப் போட்டுப் பார்த்தேன், புளிப்பு அடங்கவில்லை. துரைராசா சேருக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். "பிள்ளை, உம்மட மனுசன் டீமேக்கர் எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார். மதுராவின் கதையைச் சொன்னேன். அவர் கோப்பையைத் திரும்ப எடுத்து, முகத்தைக் கோணிக்கொண்டு, அடிவரை குடித்துவிட்டு வைத்தார்.

தீபாவளிக்கு வருகிறேன். மதுராவுக்கு வளையல் வாங்கிவிட்டேன்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய நல்ல தூள் இன்னும் அரை டின் இருக்கிறது. அதை விருந்தாளிகளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். எனக்குக் காலையும் மாலையும் இந்தப் பொட்டலம்தான்.

உங்கள் குமாரி